ஓசியில் வந்த பூனையும் ஒரு மாசக் கணக்கும்

எங்க எண்ணூர்ப் பக்கம் பூனையைக் காசு கொடுத்து வாங்குறவங்க ரொம்பக் குறைவு. அதுவா வரும். முதல் நாள் மீன் கழுவுற இடத்துல நிக்கும். ரெண்டாம் நாள் வாசப்படியில் படுத்திருக்கும். மூணாம் நாள் நாமளே பேர் வெச்சிருப்போம். எங்க வீட்டுக்கு அப்படி வந்தவன்தான் சுண்டு. "மீன் தலையும் வாலும் போட்டா போதும், பூனைக்கு என்ன பெரிய செலவு?" என்பதுதான் எங்க வீட்டு நம்பிக்கை. போன வருஷம் மே மாசம் வரைக்கும் அது சரியாகவும் இருந்தது.

மே மாசம் ஏன் முக்கியம்னு கடற்கரைக்காரங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம்ம கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வர்ற மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறிடும். மனுஷங்க குழம்புக்கே யோசிக்கும்போது பூனைக்கு எங்கே போறது? அம்மா கடையில் மலிவா ஒரு கிலோ உலர் உணவு வாங்கி வந்தாங்க. சுண்டு ஆசையாத்தான் சாப்பிட்டான். மூணு வாரம் கழிச்சு, மூலையில் குந்திக்கிட்டு முக்க ஆரம்பிச்சான். மலச்சிக்கல்னு நினைச்சோம். "ஆஸ்பத்திரின்னா செலவு, ரெண்டு நாள் பார்ப்போம்"னு விட்டோம். உண்மையில் அவனுக்குச் சிறுநீர் அடைச்சிருந்தது. டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏத்தி, மூணு நாள் அலைஞ்சு பிழைக்க வெச்சோம். அந்த பில் அவன் ஒரு வருஷம் சாப்பிடுற சாப்பாட்டுக் காசைத் தாண்டிடுச்சு.

அப்போதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூனை வளர்ப்பில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஹாஸ்டல் படிக்கட்டில் குட்டியைப் பார்த்ததும் தூக்கிட்டு வர்ற நண்பர்கள் கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல சாப்பாடு: கிலோ விலையைப் பார்க்காதீங்க

நாலு கிலோ எடையுள்ள, வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி வேணும்? கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துற ஃபார்முலா நமக்குப் பழக்கமான மாதிரிதான் இருக்கும்: எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கணும். கால்குலேட்டரில் 4 × 4 × 4 போட்டு ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுத்தா 2.83. அதை 70-ஆல் பெருக்கினா 198. கருத்தடை செஞ்ச, வீட்டோட இருக்கிற பூனைக்கு இதை 1.2-ஆல் பெருக்கணும். சுமார் 240 கலோரி.

இப்போ கடைக்கு வருவோம். விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால் கணக்குக்காக ஒரு விலையை வெச்சுக்குவோம்.

உலர் உணவு 100 கிராமில் சுமார் 360 கலோரி. கிலோ 400 ரூபாய்னு வெச்சா, 100 கலோரிக்கு 11 ரூபாய். ஒரு நாளைக்கு 66 கிராம், மாசத்துக்கு ரெண்டு கிலோ, ஆக 800 ரூபாய்.

பௌச்சில் வர்ற ஈர உணவு 80 கிராம் பாக்கெட்டில் சுமார் 65 கலோரிதான் இருக்கும். பாக்கெட் 45 ரூபாய்னா, 100 கலோரிக்கு 69 ரூபாய். அதையே முழுச் சாப்பாடா போட்டா மாசம் ஐயாயிரத்தைத் தொடும். ஆறு மடங்கு!

மத்தி மீன் கிலோ 100 ரூபாய்னு வெச்சுக்குங்க. தலை, குடல் போனா 600 கிராம் தேறும். அதில் சுமார் 900 கலோரி. கணக்குப் பாருங்க, 100 கலோரிக்கு அதே 11 ரூபாய். நாம மலிவுன்னு நினைக்கிற மீனும் மூட்டைச் சாப்பாடும் சரிசமமா வருது. தடைக்காலத்தில் மத்தி விலை இரட்டிப்பானா மீன்தான் அதிகச் செலவு. வீட்டுக் குழம்புக்கு வாங்கின மீனில் மிஞ்சுறது வேணும்னா ஓசி. பூனைக்குன்னு தனியா வாங்கினா இல்லை.

உங்க ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி 100 கலோரிக்கு எவ்வளவுன்னு பாருங்க. பாக்கெட் பின்னாடி கலோரி அளவு பெரும்பாலும் அச்சடிச்சிருக்கும். இது ஒண்ணு செஞ்சாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீன் மட்டும் போட்டா என்ன?

பூனை நம்மைப் போல கலந்து சாப்பிட்டுச் சமாளிக்கிற பிராணி இல்லை. கட்டாய மாமிச உண்ணி. டாரின் என்கிற அமினோ அமிலத்தை நம்ம உடம்பு தயாரிச்சுக்கும். பூனை உடம்பால் போதிய அளவு தயாரிக்க முடியாது. அது குறைஞ்சா கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். 1987-இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் பூனைகளின் இதயத் தளர்ச்சிக்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் பூனை உணவு கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டினாங்க. நாய் உணவில் பூனைக்குத் தேவையான அளவு இருக்கும்னு சொல்ல முடியாது. "ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு நாய் மூட்டையைப் பகிர்ந்து போடுறது மிச்சம் இல்லை.

மீனில் டாரின் உண்டு. ஆனா வேற சிக்கல் இருக்கு. மத்தி, நெத்திலி மாதிரி சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டா, அதில் இருக்கிற தயமினேஸ் என்கிற நொதி பி1 வைட்டமினைச் சிதைச்சிடும். பூனை தள்ளாடும், வலிப்பு வரும். வேக வெச்சா அந்த நொதி செயலிழந்துடும். எண்ணெய் அதிகமுள்ள மீனை மட்டுமே மாசக்கணக்கில் போட்டா ஈ வைட்டமின் குறைஞ்சு, தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு வீங்கி வலிக்கிற மஞ்சள் கொழுப்பு நோய் வரலாம். அதனால் பூனை உணவு அடிப்படையா இருக்கட்டும், மீன் தொட்டுக்கையா இருக்கட்டும். உப்பு, மசாலா சேர்க்காம வேக வெச்சு, முள் எடுத்துப் போடுங்க. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுறதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும்.

பாலும் அவசியமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. பேதிதான் போகும். அந்தப் பால் காசு நேரா மிச்சம்.

சுண்டுவுக்கு நடந்தது என்ன?

இதுதான் எனக்கு யாரும் முன்னாடி சொல்லாத கணக்கு. பூனைக்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 50 மில்லி வீதம், சுமார் 200 மில்லி தண்ணி தேவை. பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்துக்காரங்க. இரையில் இருக்கிற ஈரத்திலேயே பெரும்பகுதியைச் சமாளிச்சவங்க. அதனால் பூனைக்குத் தாக உணர்வு கம்மி.

மீன் சாப்பிட்ட காலத்தில் சுண்டு ஒரு நாளைக்கு 160 கிராம் மீன் தின்னிருப்பான்னு வெச்சுக்குங்க. அதில் 110 மில்லிக்கு மேல தண்ணி. பாதித் தேவை தட்டிலேயே முடிஞ்சது. அதே கலோரிக்கு 66 கிராம் உலர் உணவு போட்டா, அதில் இருக்கிற தண்ணி ஆறு, ஏழு மில்லிதான். மீன் சாப்பிட்ட காலத்தை விட நூறு மில்லி கூடுதலா அவன் தனியா குடிக்கணும். குடிக்கல. சிறுநீர் கெட்டியாச்சு. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். அதில் படிகமும் சளியும் சேர்ந்தா அடைச்சுக்கும். இதுக்குப் பல காரணங்கள் உண்டு, ஆனா தண்ணி குறையுறது அதில் முக்கியமானதுன்னு டாக்டர் சொன்னார். மே மாச வெயில் வேற.

இதுக்குத் தீர்வு கிட்டத்தட்ட இலவசம். உலர் உணவைத் தண்ணியில் ஊற வெச்சுக் கொடுங்க. அரை மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துடுங்க, நம்ம வெயிலுக்குக் கெட்டுப்போகும். மீன் வேக வெச்ச உப்பில்லாத தண்ணியை ஊத்துங்க. டாரின் தண்ணியில் கரையும், அதனால் அந்தத் தண்ணியைக் கொட்டுறதே வீண். தண்ணிக் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காம, வீட்டில் ரெண்டு மூணு இடத்தில் வைங்க. உணவை மாத்தும்போது ஒரே நாளில் மாத்தாம, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தடைக்காலம் எப்போ வரும்னு தேதியோட தெரியும் இல்லையா? ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆரம்பிச்சுடலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. கடுவன் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வரலைன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ரெண்டு மூணு நாளில் உயிரே போகும். நாங்க காத்திருந்த ரெண்டு நாள்தான் பில்லை ஏத்தியது.

ஒரு தடவை செலவு, பல வருஷ மிச்சம்

கருத்தடை ஆபரேஷனைப் பலர் தள்ளிப்போடுறாங்க. பெட்டைப் பூனை நாலு முதல் ஆறு மாசத்திலேயே சினைக்குத் தயாராகலாம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஒரு ஈற்றுக்கு நாலு குட்டி, வருஷத்துக்கு ரெண்டு ஈற்றுன்னு வெச்சாலே எட்டு குட்டி. எட்டுக்கும் சாப்பாடு, தடுப்பூசி, வீடு. "சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுடலாம்"னு யாராவது சொல்வாங்க. வளர்க்குற பிராணியைப் பட்டினியில் விடுற மாதிரி கைவிடுறது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்க, காசிமேட்டில் ஏற்கெனவே இருக்கிற பூனைகளோட போட்டி போட்டு ரெண்டு மாசக் குட்டி பிழைக்காது. கடுவனுக்கும் ஆபரேஷன் செஞ்சா தெரு சுத்துறதும் சண்டையும் குறையும். சண்டைக் காயம் சீழ் பிடிச்சு வர்ற செலவும் குறையும்.

தடுப்பூசி ரெண்டு வகை. ஒண்ணு பூனைகளுக்கு வர்ற குடல் வைரஸ், சளி வைரஸ்களுக்கான கூட்டு ஊசி. எட்டு வாரத்தில் ஆரம்பிச்சு, இடைவெளி விட்டு அடுத்த டோஸ்கள். இன்னொண்ணு வெறிநோய் ஊசி, மூணு மாச வயசில். அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில் பூஸ்டர். குடல் வைரஸ் வந்தா குட்டி பிழைக்கிறதே கஷ்டம். அந்த வைரஸ் வீட்டுத் தரையில் பல மாசம் உயிரோட இருக்கும், அடுத்து வர்ற குட்டியையும் விடாது.

இதுக்கெல்லாம் தனியார் கிளினிக்தான்னு இல்லை. வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கு. அதோட சிகிச்சை வளாகத்தில் தனியாரை விடச் செலவு கம்மி. எண்ணூரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் வந்தா, அங்கிருந்து வேப்பேரி கிட்டத்தான். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்க. மணலி பக்கம் இருக்கிறவங்களுக்கு மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட மருத்துவமனை இன்னும் பக்கம். போறதுக்கு முன்னாடி நேரத்தையும் கட்டணத்தையும் விசாரிச்சுக்குங்க.

இன்னொண்ணு. பூனை கீறினா, கடிச்சா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. மனுஷங்களுக்கான வெறிநோய் ஊசி அங்கே இலவசம். ராயபுரம் பக்கம்னா ஸ்டான்லி இருக்கு.

மண் தட்டு: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

சாப்பாட்டுக்கு அடுத்த மாசச் செலவு இதுதான். கடையில் விக்கிற கட்டிபிடிக்கிற மண் வசதிதான், ஆனா மாசாமாசம் வாங்கணும். தச்சுப்பட்டறையில் மரத்தூள் கேட்டா கொடுப்பாங்க. ரொம்ப நைஸான தூள் வேண்டாம், இழைக்கும்போது விழுற சுருள் நல்லது. கிழிச்ச நியூஸ்பேப்பரும் சமாளிக்கும். தினமும் அள்ளிடணும். நாத்தத்துக்காக மட்டும் சொல்லலை. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதுக்குள்ள அள்ளிட்டா பயம் குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தா அவங்க தட்டைத் தொட வேண்டாம்.

எங்க ஊரில் சிலர் அனல்மின் நிலையச் சாம்பலைப் போடுறதைப் பார்த்திருக்கேன். ஓசிதான், ஈரத்தையும் இழுக்கும். ஆனா அது மிக நுண்ணிய தூசு, கன உலோகங்களும் கலந்தது. பூனை தன் பாதத்தையும் உடம்பையும் நாள் முழுக்க நக்கிச் சுத்தம் பண்ற பிராணி. காலில் ஒட்டினது அத்தனையும் வயித்துக்குள்ளதான் போகும். இதே காரணத்துக்காகத்தான், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோட வந்து கழிமுகம் முழுக்கப் படிஞ்ச எண்ணெய் மாதிரி எதிலாவது பூனை புரண்டு வந்தா, அதை நக்க விடாம உடனே பாத்திரம் கழுவுற திரவ சோப்பால் கழுவி, டாக்டர்கிட்ட காட்டணும்.

மிச்சம் மாதிரி தெரியுற செலவுகள்

காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமாலில் பாதி கொடுக்கிறது. அதை உடைக்கிற நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. அரை மாத்திரையே கொல்லலாம்.

நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடுறது. அதில் பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு வலிப்பு வரும்.

பினாயில் போட்டுத் துடைக்கிறது. ஃபீனால் வகை பூனைக்கு நஞ்சு. மண் தட்டை முதலில் வெறும் தண்ணியில் நல்லா கழுவிட்டு, பிளீச்சிங் கரைசலில் ஊற வெச்சு, திரும்ப அலசிக் காய வைங்க.

பெரிய மூட்டை வாங்கித் திறந்தே வைக்கிறது. பெரிய மூட்டையில் கிலோ விலை குறையும், உண்மைதான். ஆனா நம்ம கடல் காத்து ஈரத்தில் ஒரு மாசத்துக்குள்ள சிக்குப் பிடிக்கும். இறுக்கமா மூடுற டப்பா இருந்தா மட்டும், ஒரு மாசத்தில் தீர்ற அளவு வாங்குங்க. தேதியே இல்லாத லூஸ் பாக்கெட்டை விட்டுடுங்க.

கண்ணளவில் கொட்டுறது. தினம் 15 கிராம் கூடப் போனா மாசம் 450 கிராம், நம்ம கணக்கில் 180 ரூபாய், கூடவே தொப்பை. 66 கிராமை ஒரு தடவை எடை போட்டு, ஒரு டம்ளரில் கோடு போட்டு வெச்சுக்குங்க.

ஒரு கூடை, ஒரு உண்டியல்

காசு போட்டு வாங்கியே ஆகணும்னு நான் சொல்ற ஒரே பொருள் மூடி போட்ட கூடை. பூனைக்கான கூடை விலையா தெரிஞ்சா, காத்தோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகள் ரெண்டைக் கவிழ்த்து கேபிள் டை போட்டுக் கட்டலாம். ஆஸ்பத்திரிக்கு ட்ரெயினில் கொண்டுபோகவும் இது வேணும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போற குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சது. மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஜனங்க வெளியே வந்த ராத்திரி அது. அந்த மாதிரி நேரத்தில் பூனையைத் தேடிப் பிடிக்க முடியாது. கூடை எப்பவும் திறந்தே வீட்டுக்குள் கிடந்தா, பூனை அதிலேயே படுத்துப் பழகும். மூடித் தூக்கினா போதும். எங்க வீட்டில் இப்போ சுண்டு தூங்குற இடமே அதுதான்.

அடுத்தது உண்டியல். மாசம் 200 ரூபாய். அவசரம் வரும்போது "ரெண்டு நாள் பார்ப்போம்"னு சொல்ல வைக்கிறது பெரும்பாலும் கையில் காசு இல்லாததுதான். அந்த வாக்கியத்தைச் சொல்லாம இருக்கத்தான் இந்த 200.

கூட்டிப் பார்த்தா, சாப்பாடு 800, உண்டியல் 200, மண் தட்டு ஓசி இல்லைன்னா அதுக்குக் கொஞ்சம். மாசம் ஆயிரத்துச் சொச்சம். தடுப்பூசியும் ஆபரேஷனும் முதல் வருஷத்தில் தனி. வீட்டோட இருக்கிற பூனை பதினஞ்சு வருஷம் கூட வாழும், அதாவது உங்க டிகிரி முடிஞ்சு, வேலை மாறி, கல்யாணமாகி அதுக்கப்புறமும். ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தா ஆளுக்கு 250 தான். ஆனா செமஸ்டர் லீவில் யார் வீட்டுக்கு அது போகும் என்பதை முதலில் பேசிக்குங்க. பதில் இல்லைன்னா, குட்டியைத் தூக்காம, கேம்பஸில் இருக்கிற பூனைகளுக்கே சேர்ந்து கருத்தடை செய்ய ஏற்பாடு பண்ணுங்க. அதே காசுதான், பலன் பல மடங்கு.

வர்ற ஏப்ரல் 15-க்கு நான் தயார். சுண்டுவோட தட்டில் ஊறின சாப்பாடு, மூணு கிண்ணத்தில் தண்ணி, உண்டியலில் பத்து மாசக் காசு. மீன் வரத்து திரும்புற வரைக்கும் அவன் என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிடுவான். பரவாயில்லை.